பேப் ரூத்தின் தொண்டையில் என்ன இருந்தது? மூக்குத்தொண்டைப் புற்று: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 51 வயது ஆண். அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் ஜார்ஜ் ஹெர்மன் ரூத். உலகம் அறிந்த பெயர் பேப் ரூத். 1895 பிப்ரவரி 6 அன்று பால்டிமோரில் பிறந்து, 1935இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சுருட்டும் மதுவும் நெடுநாள் பழக்கம். 1946ஆம் ஆண்டின் பிற்பகுதியில் குரல் கம்மத் தொடங்கியது. இடக்கண்ணுக்குப் பின்னால் வலி வந்தது, பிறகு விழுங்குவதும் கடினமானது. சைனஸ் தொல்லை, பல் தொல்லை என்றுதான் முதலில் எண்ணினார்கள். நவம்பர் இறுதியில் நியூயார்க்கின் பிரெஞ்சு மருத்துவமனையில் சேர்த்தபோது தாங்க முடியாத தலைவலி இருந்தது. முகத்தின் இடப்பக்கம் வீங்கி இடக்கண் மூடிக்கொண்டிருந்தது. மண்டையோட்டின் அடித்தளத்திலும் கழுத்திலும் புற்றுக்கட்டி இருப்பது அங்கே தெரியவந்தது. கழுத்தில் அறுவை செய்தும் அதை முழுதாக எடுக்க முடியவில்லை. கதிர்வீச்சு கொடுத்தார்கள். 1947 பிப்ரவரியில் வீடு திரும்பியபோது அவர் 80 பவுண்டு, அதாவது சுமார் 36 கிலோ, இளைத்திருந்தார்.

அவருக்குக் குரல்வளைப் புற்று என்றே ஊர் நம்பியது. இன்றும் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். சுருட்டு பிடித்தார், குடித்தார், குரல் போனது, ஆகவே குரல்வளை என்பது கணக்கு. அந்தக் கணக்கு தவறு. நோய் தொடங்கிய இடம் குரல்வளைக்கு வெகு மேலே, மூக்கின் பின்கோடியில் இருந்தது. அங்கே தொடங்கிய கட்டி குரலை எப்படிக் கெடுத்தது என்று புரிந்துகொண்டால் இந்த நோயின் குறிகள் எல்லாமே ஒழுங்காக அடுக்கி வைத்ததுபோல் விளங்கும்.

இடம்

மூக்குத் துவாரங்கள் பின்னால் போய் முடியும் இடத்தில், மேலண்ணத்துக்கு மேலே, மண்டையோட்டின் அடித்தளத்துக்குக் கீழே ஒரு சிறு அறை இருக்கிறது. அதுதான் மூக்குத்தொண்டை. வாயைத் திறந்து டார்ச் அடித்தால் தெரியாது, மூக்கில் எட்டிப் பார்த்தாலும் தெரியாது. அதன் இரு பக்கச் சுவர்களிலும் நடுச்செவியிலிருந்து வரும் யூஸ்டேஷியன் குழாய் திறக்கிறது. அந்த வாய்க்குப் பின்னால் ஒரு குருத்தெலும்புப் புடைப்பும், புடைப்புக்குப் பின்னால் ஒரு இடுக்கும் உண்டு. இந்த இடுக்கின் பெயர் ரோசன்முல்லர் குழி. மூக்குத்தொண்டைப் புற்று பெரும்பாலும் தொடங்குவது இங்கேதான்.

இடுக்கின் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். முன்னால் காதுக் குழாய். மேலே எலும்பில் இயற்கையாகவே உள்ள துளைகள். அவற்றின் வழியே ஏறினால் கண்ணை அசைக்கும் நரம்புகளும் முகத்தின் உணர்வு நரம்பும் ஓடும் குகைச் சிரைக்குழி என்ற ரத்த அறை வந்துவிடும். பக்கவாட்டில், தொண்டைக்கு வெளியே, கழுத்துத் தமனியை ஒட்டி 9, 10, 11, 12ஆம் மண்டை நரம்புகள் மண்டையோட்டை விட்டு இறங்குகின்றன. பின்னால் ரூவியேர் கணு என்ற நிணநீர்க் கணு.

10ஆம் நரம்பின் ஒரு கிளைதான் குரல்நாணை அசைக்கிறது. மண்டையோட்டின் அடியிலேயே அந்த நரம்பைக் கட்டி நெருக்கினால், குரல்வளையில் ஒரு புண்கூட இல்லாமலே ஒரு பக்கக் குரல்நாண் செயலற்றுப்போய்க் குரல் கரகரக்கும். கூடவே 9ஆம் நரம்பும் கெட்டால் விழுங்கும்போது புரையேறும். கண்ணுக்குப் பின்னால் வலி 5ஆம் நரம்பின் மேல்கிளையால் வருவது. 1947 ஏப்ரல் 27 அன்று யாங்கீ ஸ்டேடியத்தில் ஒலிபெருக்கி முன் நின்று ரூத் கரகரத்த குரலில் பேசியது பதிவாகியிருக்கிறது. கேட்பவருக்கு அது தொண்டை நோய் என்றே தோன்றும். உடற்கூறு தெரிந்தவருக்கு அது நரம்பு நெருக்கத்தின் ஒலியாகவும் கேட்கும்.

எந்த வரிசையில் குறிகள் வரும்?

ரூத்துக்கு நரம்புக் குறிகள்தான் முன்னால் நின்றன. பெரும்பாலோருக்கு அப்படி இல்லை. மருத்துவரிடம் வரவைக்கும் முதல் குறி பெரும்பாலும் கழுத்தில் நெறிகட்டி: காதுக்குக் கீழே, தாடை மூலைக்குப் பின்னால், வலி இல்லாமல், கெட்டியாக. கழுத்தின் பின்முக்கோணத்தில் நெறி கட்டினால் மூக்குத்தொண்டையைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் கழுத்து நெறிகட்டி என்றதும் நினைவுக்கு வருவது காசநோய். நினைப்பதில் தவறில்லை. ஆனால் ஊசியால் செல் எடுத்துப் பார்க்காமலேயே காசநோய் மாத்திரையைத் தொடங்கி, இரண்டு மாதம் கட்டி கரைகிறதா என்று காத்திருப்பதுதான் ஆபத்து. புற்று அந்த இரண்டு மாதத்தில் ஒரு கட்டம் ஏறிவிடலாம்.

இரண்டாவது குறி ஒரு பக்கக் காது அடைப்பு. குழாய் வாயைக் கட்டி அடைத்ததும் நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்ளும். கிணற்றுக்குள் இருந்து கேட்பதுபோல் இருக்கும். சிறு பிள்ளைக்கு இது சளிக்காலத்தில் சகஜம். பெரியவர் ஒருவருக்கு, ஒரே காதில், சளி போன பின்னும் சில வாரங்கள் நீடித்தால் செவிப்பறையில் துளையிட்டு நீரை வடிப்பதோடு நின்றுவிடக் கூடாது. மூக்கின் பின்புறத்தை எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். மூன்றாவது, காலையில் காறித் துப்பும் சளியில் ரத்தக் கோடு. வாயிலிருந்து வரும் ரத்தம் என்று பல் ஈறைக் குற்றம் சொல்வார்கள். இரவெல்லாம் மூக்கின் பின்னாலிருந்து இறங்கியது அது. பிறகு ஒருபக்க மூக்கடைப்பு, தலைவலி, கன்னம் மரத்தல். பக்கவாட்டில் பார்க்கும்போது உருவம் இரண்டாகத் தெரிந்தால் 6ஆம் நரம்பு சிக்கியிருக்கிறது என்று பொருள். ஒருபக்கச் செவிட்டுத்தன்மை, அதே பக்க மேலண்ணம் அசையாமை, அதே பக்க முகவலி என்ற மூன்றையும் சேர்த்து லண்டன் அறுவை மருத்துவர் வில்ஃபிரட் டிராட்டர் 1911இல் விவரித்தார். மூன்றும் சேரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ஒன்று போதும்.

யாருக்கு வருகிறது?

2020இல் உலகில் சுமார் 1,33,000 பேருக்குப் புதிதாக வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். பரவல் சமமாக இல்லை. தென்சீனத்தின் குவாங்டோங், குவாங்சி, ஹாங்காங் ஆகியவை இதன் தாய்வீடு. கான்டன் கட்டி என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு. சரவாக்கின் பிடாயு மக்கள், ஆர்க்டிக் இனூயிட் மக்கள், துனீசியா முதல் மொராக்கோ வரையிலான வட ஆப்பிரிக்கர் ஆகியோரிடமும் மிகுதி. இந்தியாவில் நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் மாநிலங்களில் கூடுதல், தமிழ்நாட்டில் அரிது. மலேசியாவில் சீனர்களைவிட இந்திய வம்சாவளியினருக்கு மிகக் குறைவு. ஆண்களுக்குப் பெண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

மூன்று காரணங்கள் கைகோத்து வேலை செய்கின்றன. முதலாவது எப்ஸ்டீன்-பார் வைரஸ். 1964இல் கண்டுபிடிக்கப்பட்ட இது நம்மில் பெரும்பாலோர் உடலில் உறங்குகிறது. இப்புற்றின் கெரட்டின் இல்லாத வகைச் செல்களுக்குள் ஏறக்குறைய எப்போதும் காணப்படுகிறது. இரண்டாவது மரபு, குறிப்பாக நோயெதிர்ப்போடு தொடர்புள்ள எச்.எல்.ஏ. மரபணுக்களின் சில வடிவங்கள். மூன்றாவது உணவு. கான்டன் பாணி உப்புமீனை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1993இல் மனிதருக்குப் புற்று விளைவிக்கும் பொருள் என முதல் பிரிவில் வைத்தது. ஹாங்காங் கதிர்வீச்சு மருத்துவர் ஜான் ஹோ அதற்கு முன்பே இந்தத் தொடர்பைச் சுட்டியிருந்தார். பால்குடி மறக்கும் பருவத்துக் குழந்தைக்கு அரிசிக் கஞ்சியோடு இந்த மீனை ஊட்டும் வழக்கம்தான் கவலைக்குரியது.

அப்படியானால் நம் கருவாடு? அதே மதிப்பீட்டில் சீனப் பாணி அல்லாத உப்புமீன்கள், புற்று விளைவிக்குமா என்று வகைப்படுத்தப் போதிய சான்று இல்லாத பிரிவிலேயே வைக்கப்பட்டன. கான்டன் முறையில் மீன் உப்பேறுவதற்குள் ஓரளவு அழுகி இளகிவிடும். அப்போது நைட்ரோசமைன்கள் என்ற புற்றூக்கிப் பொருள்கள் உண்டாகின்றன. ஆகவே அந்தத் தீர்ப்பை அப்படியே நெத்திலிக் கருவாட்டின் மேல் ஏற்றிச் சொல்வது சரியல்ல. ஃபார்மால்டிஹைடு புகையும் மரத்தூளும் தொழிற்சாலைப் பக்கக் காரணிகள். புகையிலைக்குப் பங்கு உண்டு, ஆனால் குரல்வளைப் புற்றில் உள்ள அளவுக்கு இல்லை. ரூத்தின் நோயைச் சுருட்டின் தண்டனையாகச் சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம்.

இன்று அவர் வந்திருந்தால்

மூக்கில் மரப்பு மருந்தும் ரத்தக்குழாய் சுருக்கும் மருந்தும் நனைத்த பஞ்சை வைத்துப் பத்து நிமிடம் பொறுத்து, 4 மில்லிமீட்டர் எண்டோஸ்கோப்பை மூக்கின் தரையோடு செலுத்துவார்கள். இரு குழிகளையும் ஒப்பிடுவதுதான் இங்கே வித்தை. வலப்பக்க இடுக்கு நிழலாக ஆழமாகத் தெரிய, இடப்பக்கம் நிழலே இல்லாமல் மேடிட்டு மொழுமொழுவென்று இருந்தால், புண் இல்லாவிட்டாலும் அதுதான் இடம். கட்டி சளிச்சவ்வுக்கு அடியில் பதுங்கி வளர்வது உண்டு. மேலாகக் கிள்ளிய சதையில் ஒன்றும் இல்லை என்று அறிக்கை வரும். எம்.ஆர்.ஐ. சந்தேகம் சொன்னால் ஆழமாக மறுபடி எடுக்க வேண்டும்.

கழுத்துக் கட்டியை முதலிலேயே கத்தி வைத்து எடுத்துவிடக் கூடாது. ஊசியால் செல் எடுத்தால் போதும். அந்தச் செல்களில் வைரஸின் ஆர்.என்.ஏ.வைக் காட்டும் ஈபர் சோதனை நேர்மறையானால் மூலக்கட்டி மூக்குத்தொண்டையில்தான் என்று ஏறக்குறைய முடிவுகட்டலாம்.

அடுத்து மண்டை அடியிலிருந்து காறை எலும்புவரை கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ.; எலும்பு, நுரையீரல், கல்லீரல் பார்க்க பெட் சி.டி.; ரத்தப் பிளாஸ்மாவில் வைரஸ் டி.என்.ஏ. அளவு. சிறுநீரகச் செயல்பாடு, கேட்புத்திறன் வரைபடம், தைராய்டு, ஹெபடைட்டிஸ் பி ஆகியவை சிகிச்சைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பல் மருத்துவர் கட்டாயம். பிடுங்க வேண்டிய பல்லைக் கதிர்வீச்சு தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே பிடுங்கிப் புண் ஆறவிட வேண்டும். கதிர் பட்ட தாடையில் பின்னாளில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் செத்துப்போகும்.

மண்டை நரம்பு பாதிப்பு இருப்பதால், 2017இல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்புக் கட்டப் பிரிவின்படி ரூத்தின் கட்டி டி4, அதாவது கட்டியின் பரப்பில் கடைசிப் படி. தொலைபரவல் இல்லையென்றால் அந்தப் பதிப்பில் நோய் நான்காம் கட்டத்தின் ஏ பிரிவு; 2025இல் நடைமுறைக்கு வந்த ஒன்பதாம் பதிப்பில் மூன்றாம் கட்டம். நான்காம் கட்டம் என்றதும் கைவிரிக்க வேண்டியதில்லை. இந்தப் புற்றில் அந்தப் பிரிவுக்கும் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை.

அறுவை இதற்கு முதல் சிகிச்சை அல்ல. இடம் எட்டாது, சுற்றிலும் விட்டுவைக்க வேண்டியவை. இந்தப் புற்று கதிர்வீச்சுக்கு நன்றாக இளகுவது நம் பாக்கியம். தொடக்கக் கட்டத்துக்குக் கதிர்வீச்சு மட்டுமே போதும். முற்றிய கட்டத்துக்கு முதலில் தூண்டல் கீமோ, அதாவது கதிர்வீச்சுக்கு முன்பே தரும் கீமோ: ஜெம்சிடாபைன் உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 1,000 மி.கி., முதல் நாளும் எட்டாம் நாளும். சிஸ்பிளாட்டின் 80 மி.கி., முதல் நாள். மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று, மூன்று சுற்று. 1.7 சதுர மீட்டர் உடம்புக்கு ஒரு வேளைக்கு 1,700 மி.கி. ஜெம்சிடாபைனும் 136 மி.கி. சிஸ்பிளாட்டினும் வரும். சீனாவில் 480 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், இந்தத் தூண்டல் சேர்ந்தவர்களில் 85.3 விழுக்காட்டினர் மூன்றாண்டு நோய் திரும்பாமல் இருந்தார்கள், சேராதவர்களில் 76.5.

பிறகு கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டினும் ஒருசேர. கட்டிக்கு 70 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு), 33 முதல் 35 தவணை, வாரத்துக்கு ஐந்து நாள், ஏறக்குறைய ஏழு வாரம். கதிர்வீச்சின் போது சிஸ்பிளாட்டின் மூன்று வாரத்துக்கு ஒருமுறை சதுர மீட்டருக்கு 100 மி.கி.; மொத்தம் 200ஐயாவது எட்ட வேண்டும். இந்தச் சேர்க்கைக்கு வழிதிறந்தது 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வு: கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 47 விழுக்காட்டினரும், சேர்த்துப் பெற்றவர்களில் 78 விழுக்காட்டினரும் மூன்றாண்டு உயிருடன் இருந்தார்கள்.

சிஸ்பிளாட்டின் தவறும் இடம் பெரும்பாலும் தண்ணீர்தான். முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு லிட்டருக்குக் குறையாமல் உப்புநீர், அதில் மக்னீசியமும் பொட்டாசியமும் ஏற்ற வேண்டும். வாந்தி அடக்க மருந்தைக் குறைத்துக் கொடுத்தால் நோயாளி வீட்டுக்குப் போய் மூன்று நாள் வாந்தி எடுத்து வறண்டு, அடுத்த சுற்றுக்குச் சிறுநீரகம் கெட்டதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறி வருவார். காதில் ரீங்காரம் கேட்டால் உடனே சொல்லச் சொல்ல வேண்டும்; அதை முதுமை என்று விட்டுவிடுவார்கள்.

கதிர்வீச்சுக்கு வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் அழுத்தி முகமூடி வார்ப்பார்கள். மூக்கு, கன்ன எலும்பு, தாடை எல்லாம் பதியும். அது சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கணக்கு பிழைத்துவிடும்: கட்டிக்கு 70 கிரே போகும் அதே தட்டில், மூளைத்தண்டுக்கு 54, தண்டுவடத்துக்கு 45 தாண்டக் கூடாது, உமிழ்நீர்ச் சுரப்பி ஒன்றையாவது சராசரி 26 கிரேக்குள் காப்பாற்ற வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் கழுத்துக் கட்டி கரைந்து உடம்பும் இளைத்தால் முகமூடி தொளதொளவென்று ஆகிவிடும். அப்போது புதிதாக வார்த்து, மறுபடி சி.டி. எடுத்து, திட்டத்தைத் திருத்த வேண்டும். ரூத்தின் காலத்தில் இந்த நுட்பம் எதுவும் இல்லை. கோபால்ட் கருவியே 1951இல்தான் வந்தது. அதற்கு முந்தைய குறைந்த ஆற்றல் எக்ஸ்ரே, ஆழத்தில் இருக்கும் கட்டியை எட்டும் முன் தோலையும் சளிச்சவ்வையும் பொசுக்கிவிடும்.

மூன்றாம் வாரத்தில் வாய்ப்புண் வரும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளிக்க வேண்டும். எடை ஒவ்வொரு வாரமும் பார்க்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 30 கலோரியும் 1.2 முதல் 1.5 கிராம் புரதமும் உள்ளே போகாவிட்டால், மூக்கு வழியே உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூப் போடத் தயங்கக் கூடாது. வலி தாங்காமல் ஒரு வாரம் வராமல் நின்றுவிடுவது எல்லாவற்றிலும் மோசம். விட்ட நாட்களில் கட்டி மறுபடி பெருகும். வாயை அகலத் திறக்கும் பயிற்சி முதல் நாளிலிருந்தே வேண்டும். தன் மூன்று விரல்களை மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே செங்குத்தாக வைக்க முடிகிறதா என்று நோயாளியே பார்த்துக்கொள்ளலாம்.

முடிந்த பின் மூன்று மாதம் பொறுத்தே எம்.ஆர்.ஐ. அதற்குள் எடுத்தால் கரைந்துகொண்டிருக்கும் கட்டியை மிச்சக்கட்டி என்று மயங்க நேரும். வைரஸ் டி.என்.ஏ. அப்போதும் ரத்தத்தில் இருந்தால் அது கெட்ட குறி. நோய் திரும்பும் அபாயம் கூடியவர்களுக்கு ஓராண்டு கேப்சிடபைன் மாத்திரை தருகிறார்கள். அதே இடத்தில் சிறிதாகத் திரும்பினால் இப்போது எண்டோஸ்கோப் வழி அறுவை உண்டு. பரவிய நோய்க்கு டோரிபாலிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை 2023 அக்டோபரில் அமெரிக்கா அங்கீகரித்தது. தைராய்டை ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். பல ஆண்டு கழித்தும் சுரப்பு குறையும்.

ஊசி மருந்தும் ஒரு மதராஸ் மாணவரும்

1947 ஜூன் 29 அன்று ரூத்துக்கு டெரோப்டெரின் என்ற புது மருந்து ஊசியாகத் தொடங்கியது. ஃபோலிக் அமிலத்தோடு மேலும் குளூட்டமிக் அமிலம் சேர்த்த கூட்டுப்பொருள் அது. எலிகளில் பார்த்திருந்தார்கள்; மனிதரில் அனுபவம் மிகக் குறைவு. ஆறு வாரம் தினமும் ஊசி. வலி தணிந்தது, கழுத்துக் கட்டிகள் சுருங்கின, எடை ஏறியது. அந்த ஆண்டு செப்டம்பரில் செயின்ட் லூயிசில் நடந்த பன்னாட்டுப் புற்றுநோய் மாநாட்டில் பெயர் சொல்லாமல் அவர் நோய்வரலாறு வாசிக்கப்பட்டது.

மருந்தைச் செய்தது லெடர்லி ஆய்வகம். அதன் ஆராய்ச்சித் தலைவர் எல்லப்பிரகடா சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, சென்னையில் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் மதராஸ் மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். அவரும் 1895இல், ரூத்துக்கு ஒரு மாதம்கூட மூப்பில்லாமல், பிறந்தவர். அவரது குழு தந்த ஃபோலிக் கூட்டுப்பொருள்கள் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பரின் ரத்தப்புற்று நோயாளிகளில் சிலருக்கு நோயை விரைவுபடுத்துவதுபோல் தோன்றின. அங்கிருந்துதான் எதிர்மாறாக, ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் மருந்து என்ற சிந்தனை வலுத்தது. 1948 ஜூனில் ஃபார்பர், அத்தகைய தடுப்பு மருந்தான அமினோப்டெரின் பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை வெளியிட்டார். அதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் தலை, கழுத்துப் புற்று திரும்பியவர்களுக்கு வாரம் ஒருமுறை போடும் மருந்தாக இருக்கிறது.

ரூத்துக்குக் கிடைத்த தணிப்பு சில மாதங்களே நின்றது. 1948 ஜூன் 13 அன்று மட்டையை ஊன்றுகோலாக்கி மைதானத்தில் கடைசியாக நின்றார். ஆகஸ்ட் தொடக்கத்தில் சுப்பாராவ் இறந்தார். ஒரு வாரம் கழித்து, 16ஆம் தேதி மாலை, நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் நுரையீரல் சிக்கல்களோடு ரூத் இறந்தார், 53 வயதில். பிரேதப் பரிசோதனையில் புற்று தொடங்கிய இடம் மூக்குத்தொண்டை என்றும், அங்கிருந்து கழுத்துக்கும் உடலின் பிற பகுதிகளுக்கும் பரவியது என்றும் தெரிந்தது. குரலைப் பறித்த நோய் குரல்வளையில் தொடங்கவில்லை.